முக்கோணம் சுழலும் ஊர்

ஹிரோஷிமாவில் ரயிலேறிக் கிழக்கே போனால் இரண்டாவது நிறுத்தம் முகாய்நாடா. சின்ன நிலையம். காலையில் இறங்கும் கூட்டம் அதிகம் பேசிக்கொள்ளாமல் ஒரே பக்கமாக நடக்கிறது. அந்தப் பக்கத்தில்தான் மஸ்டா கார் கம்பெனியின் தலைமையகம் இருக்கிறது. கணக்குப்படி அது ஹிரோஷிமா நகரத்துக்குள் வராது. நாலாபுறமும் நகரம் சூழ்ந்திருக்க, நடுவில் தனி ஊராட்சியாக நிற்கும் ஃபுச்சு என்ற ஊரில் வருகிறது. ஊரும் கம்பெனியும் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு வளர்ந்தவை.

வரவேற்புக் கூடத்தில் அருங்காட்சியகம் பார்க்க வந்தவர்கள் காத்திருக்கிறார்கள். ஒரு வகுப்புப் பிள்ளைகள், தொப்பி போட்டவர்கள், கையில் பென்சிலும் அட்டையும். ஜப்பானில் ஐந்தாம் வகுப்புச் சமூகப் பாடத்தில் கார் தொழிற்சாலை வருகிறது. அதனால் இந்த ஊர்ப் பிள்ளைகள் பெரும்பாலோர் ஒரு முறையாவது இங்கே வந்துவிடுகிறார்கள். அவர்களோடு சில பெரியவர்கள். ஒருவர் தலையில் சிவப்புத் தொப்பி, ஊரின் பேஸ்பால் அணியான கார்ப்பின் நிறம். அந்த அணியின் முழுப் பெயர் ஹிரோஷிமா தோயோ கார்ப். நடுவில் நிற்கும் ‘தோயோ’ இந்தக் கம்பெனியின் பழைய பெயரிலிருந்து வந்தது. நான் கடைசி வரிசையில் உட்கார்ந்துகொண்டேன். கேள்வி கேட்க எண்ணமில்லை. பார்ப்பதற்குத்தான் வந்தேன்.

பஸ் கிளம்புகிறது. தொழிற்சாலை வளாகத்துக்குள்ளேயே ஒரு பெரிய பாலம் வருகிறது. என்கோ ஆற்றின் மேல் 1965-இல் கம்பெனி தன் சொந்தச் செலவில் கட்டிய பாலம். அந்தப் பக்கம் உஜினா தொழிற்சாலை, அதையொட்டிக் கடல். முடிந்த கார்கள் வாசலிலிருந்தே கப்பலேறுகின்றன. பிள்ளைகள் ஜன்னலில் மூக்கை ஒட்டிக்கொண்டு கப்பலைப் பார்க்கிறார்கள். ஆசிரியை ஒருவரையும் அதட்டவில்லை.

உள்ளே முதலில் நிற்பவற்றில் ஒன்று மூன்று சக்கர வண்டி. முன்னால் மோட்டார் சைக்கிளின் பாதி, பின்னால் பாரம் ஏற்றும் பெட்டி. 1931-இல் வந்தது. பெயர் ‘மஸ்டா-கோ’. நிறுவனர் மட்சுடாவின் பெயரும் பாரசீக ஞானத் தெய்வமான அகுரா மஸ்தாவின் பெயரும் அதில் சேர்ந்திருக்கின்றன. மூங்கில் கூடையும் அரிசி மூட்டையும் ஏற்றிக்கொண்டு சந்துகளில் ஓடிய வண்டி அது. 1936-இல் இந்த வண்டிகள் சில, ஜப்பானின் தெற்கிலுள்ள ககோஷிமாவிலிருந்து டோக்கியோ வரை விளம்பர ஊர்வலமாக ஓடின. வழியெல்லாம் கல்லும் மண்ணுமான சாலை. வண்டி தாங்கும் என்று ஊர் ஊராகக் காட்டியாக வேண்டியிருந்தது.

ஒரு சிறுவன் வண்டியின் கைப்பிடியையே பார்க்கிறான். ஸ்டியரிங் இல்லாதது அவனுக்குப் புதிராக இருக்கிறது. அட்டையில் கைப்பிடியை வரைகிறான், பிறகு அழிக்கிறான், மறுபடி வரைகிறான்.

இந்த வண்டியைச் செய்தவர்கள் கார்க்காரர்களாகத் தொடங்கவில்லை. 1920-இல் ஹிரோஷிமா வியாபாரிகள் சிலர் சேர்ந்து தக்கை செய்யும் கம்பெனி ஒன்றை ஆரம்பித்தார்கள். உள்ளூர் மரப்பட்டையிலிருந்து தக்கை. அடுத்த வருடம் அதன் பொறுப்பு ஜூஜிரோ மட்சுடாவின் கைக்கு வந்தது. முகாய்நாடாவில் மீனவர் குடும்பத்தில் பிறந்தவர். சிறுவனாக ஒசாகா போய்க் கொல்லுப்பட்டறையில் தொழில் கற்றவர். பிறகு ஒரு பம்பை வடிவமைத்துப் பெயர் எடுத்தவர். தக்கை வியாபாரம் சரிந்தது, தொழிற்சாலையில் தீயும் பிடித்தது. இரும்பைத் தொட்டே வளர்ந்த மனிதர், 1927-இல் கம்பெனிப் பெயரிலிருந்து தக்கையை எடுத்துவிட்டு இயந்திரங்களின் பக்கம் திரும்பினார். லேத்தும் பாறை துளைக்கும் கருவியும் மூன்று சக்கர வண்டியும் அந்தத் திருப்பத்தில் வந்தவை. போர்க் காலத்தில் இதே பட்டறையில் ராணுவத்துக்குத் துப்பாக்கிகளும் செய்தார்கள். அதையும் சேர்த்துச் சொன்னால்தான் அடுத்து வருவதை நேராகச் சொல்ல முடியும்.

1945 ஆகஸ்ட் 6. ஜூஜிரோவுக்கு அன்று எழுபதாவது பிறந்தநாள். காலையிலேயே நகரத்துக்குள் போய் முடி வெட்டிக்கொண்டார். கடையில் அவர்தான் முதல் ஆள் என்பதால் சீக்கிரம் முடிந்தது. அவர் ஏறியிருந்த கார் தொழிற்சாலையை நோக்கித் திரும்பிக்கொண்டிருந்தபோது குண்டு விழுந்தது. அவர் பிழைத்தார். நகரத்துக்குள் இருந்த அவர் மகன்களில் ஒருவர் பிழைக்கவில்லை. கட்டடம் இடிக்கும் பணிக்கென்று அன்று காலை நகரத்துக்குள் அனுப்பப்பட்டிருந்த தொழிலாளர்கள் பலரும் திரும்பவில்லை.

தொழிற்சாலை நின்றது. குண்டு வெடித்த இடத்துக்கும் அதற்கும் ஏறத்தாழ 5 கிலோமீட்டர். இடையில் ஹிஜியாமா என்ற குன்று. உயரம் எழுபது மீட்டர் அளவுதான்; நம் ஊரில் அதை மலை என்று யாரும் சொல்ல மாட்டார்கள். வெடிப்பின் அலையை அந்த மண்மேடு தடுத்தது. ஜன்னல்கள் சிதறின, கூரைகள் பெயர்ந்தன, சுவர்கள் நின்றன. நகரத்தில் நிற்கும் கட்டடம் தேடி வந்தவர்களுக்கு இதுதான் கிடைத்தது. காயம்பட்டவர்களுக்கு மருத்துவ இடம் ஆனது. மாகாண அரசின் அலுவலகமே இங்கு வந்தது. 1946 கோடை வரை இங்கிருந்துதான் ஹிரோஷிமா மாகாணத்தின் நிர்வாகம் நடந்தது. வானொலி நிலையமும் நீதிமன்றமும் இதே வளாகத்தில் இடம் பிடித்தன. ஒரு வண்டிப் பட்டறை, ஓர் ஊருக்கு ஊராக இருந்த மாதங்கள் அவை.

1945 டிசம்பரிலேயே மூன்று சக்கர வண்டி மறுபடி உருளத் தொடங்கிவிட்டது. நான்கே மாதம். சாம்பலை அள்ளிக் கொட்டவும், மரம் கொண்டுவரவும், மீன் ஏற்றவும் வண்டி வேண்டும். ஊரைத் திரும்பக் கட்டிய சக்கரங்களில் இவை பெரும்பங்கு.

இந்தக் கம்பெனியின் சரித்திரத்தில் எனக்கு மிகப் பெரிதாகத் தெரிவது இந்த டிசம்பர்தான். பின்னால் வந்த பந்தய வெற்றிகளைவிட, விருதுகளைவிட. அதற்குப் பிறகு எந்த நெருக்கடி வந்தாலும் இங்கே இருப்பவர்களின் நினைவில் இதைவிட மோசமான ஒன்று இருந்தது. அதிலிருந்து எழுந்து வந்தோம் என்ற நினைவும் கூடவே இருந்தது.

நமக்கு மஸ்டா என்ற பெயர் பழக்கமானது காரால் அன்று. பஞ்சாபில் 1980-களில் கூட்டு முயற்சியாகத் தொடங்கிய ஸ்வராஜ் மஸ்டா வேன்கள் நம் ஊர்ப் பள்ளிப் பிள்ளைகளையும் கல்யாண வீட்டுக் கூட்டத்தையும் சுமந்தன. பாரம் சுமக்கும் வண்டியில் தொடங்கிய கம்பெனியை, பாரம் சுமக்கும் வண்டியாலேயே நாம் அறிந்தோம்.

அடுத்த கூடத்தில் 1960-இன் ஆர்360 கூப்பே நிற்கிறது. கம்பெனியின் முதல் பயணிகள் கார். விலை 3 லட்சம் யென். நடுத்தரக் குடும்பம் மூச்சைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பிடிக்கக்கூடிய விலை. நான்கு பேர் உட்காரலாம் என்கிறது விவரப் பலகை. பின்சீட்டைப் பார்த்தால் இரண்டு குழந்தைகள் உட்காரலாம். சிவப்புத் தொப்பிப் பெரியவர் குனிந்து உள்ளே பார்க்கிறார். கண்ணாடிக்கு வெளியே கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, ஓர் அங்குல இடைவெளியில். தொடவில்லை. வெகுநேரம் அப்படியே நிற்கிறார்.

பிள்ளைகள் கூட்டம் அவரைத் தாண்டி ஓடுகிறது. அவர்களை இழுப்பது அந்தப் பக்கம் வெட்டித் திறந்து வைத்திருக்கும் எஞ்சின்.

சாதாரணக் கார் எஞ்சினில் பிஸ்டன் மேலும் கீழும் போய்வரும். மேலே போனால் நின்று திரும்ப வேண்டும், கீழே வந்தால் நின்று திரும்ப வேண்டும். இதில் பிஸ்டனே கிடையாது. நிலக்கடலைத் தோட்டைப் போல நடுவில் இடுப்பு வைத்த ஓர் உறை. அதற்குள்ளே பக்கங்கள் சற்றே புடைத்த ஒரு முக்கோணம் சுழல்கிறது. சுழலும்போது முக்கோணத்தின் மூன்று பக்கங்களுக்கும் உறைக்கும் இடையே உள்ள இடம் பெருகுகிறது, சுருங்குகிறது. ஒரு பக்கம் காற்றும் பெட்ரோலும் உள்ளே வரும்போது, இன்னொரு பக்கம் அதை நெருக்குகிறது, மற்றொரு பக்கம் எரிந்த புகையைத் தள்ளுகிறது. எல்லாம் ஒரே சுழற்சியில். வால்வு இல்லை, குதிப்பு இல்லை. ஜெர்மானியர் ஃபெலிக்ஸ் வாங்கெல் கனவு கண்டு, என்.எஸ்.யு. கம்பெனி உருக்கொடுத்த ரோட்டரி எஞ்சின்.

1960-களின் தொடக்கத்தில் உலகமே இதன் பின்னால் ஓடியது. உரிமம் கேட்டு வரிசையில் நின்ற கம்பெனிகள் பல. ஜூஜிரோவின் மகனும் வாரிசுமான சுனெஜி மட்சுடா ஜெர்மனி போய், 1961-இல் ஒப்பந்தத்தைக் கொண்டுவந்தார். அவருடைய அவசரத்துக்குக் காரணம் இருந்தது. ஜப்பான் அரசு கார் கம்பெனிகளைச் சில குழுக்களாகச் சுருக்கிவிடலாம் என்று திட்டம் போட்டுக்கொண்டிருந்தது. தனக்கென்று ஒரு தனித்தன்மை இல்லாவிட்டால் இந்த ஹிரோஷிமா கம்பெனி ஏதாவது ஒரு பெரிய கம்பெனியின் வயிற்றுக்குள் போயிருக்கும்.

உரிமத்தோடு சிக்கலும் கப்பலேறி வந்தது. எஞ்சின் ஓடும்; வெள்ளைப் புகை கக்கும்; எண்ணெய் குடிக்கும்; நிதானமாக ஓடவிட்டால் நடுங்கும். எல்லாவற்றையும்விட மோசமானது உள்ளே இருந்தது. முக்கோணத்தின் மூன்று முனைகளிலும் வாயு கசியாமல் தடுக்கும் மெல்லிய பட்டைகள் உண்டு. முனைச் சீல் என்று சொல்லலாம். அவை உறையின் உட்சுவரை விடாமல் உரசிக்கொண்டே போக வேண்டும். சில மணி நேரம் ஓட்டிப் பிரித்தால், கண்ணாடியாகப் பளபளத்த உட்சுவரில் வரிவரியாக அலைக்கோடுகள். ஒன்றன் பின் ஒன்றாக, ஒரே இடைவெளியில், விரல் வைத்தால் தடவி எண்ணிவிடலாம் போல. பொறியாளர்கள் அதைப் பிசாசின் நகக்கீறல் என்றார்கள்.

இந்தக் கீறலைப் போக்கும் பொறுப்பு கெனிச்சி யமமோட்டோவுக்கு வந்தது. போர் முடிந்து ஊர் திரும்பியபோது அவருடைய தங்கை குண்டுக்குப் பலியாகியிருந்தாள். வேலை தேடி 1946-இல் இந்தக் கம்பெனியில் சேர்ந்து, லாரிக்கு கியர்பெட்டி பூட்டும் தொழிலாளியாகத் தொடங்கிப் பொறியாளராக உயர்ந்தவர். 1963-இல் ரோட்டரிக்கென்று தனிப் பிரிவு அமைத்தபோது அவரோடு சேர்த்து 47 பேர். தலைவனின் பழியைத் தீர்க்கக் காத்திருந்து ஒன்றாக உயிர்கொடுத்த 47 வீரர்களின் கதை ஜப்பானில் குழந்தைகளுக்கும் தெரியும். தம் ஆட்களிடம் அந்தக் கதையைச் சொன்னார். தூங்கும்போதும் விழித்திருக்கும்போதும் இந்த எஞ்சினையே நினைத்திருக்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டார்.

சீலுக்கு என்னென்ன பொருளோ வைத்துப் பார்த்தார்கள். பல வகை உலோகங்கள், பல வகைக் கலவைகள், மாட்டெலும்பும் குதிரை எலும்பும்கூட. வைத்தார்கள், ஓட்டினார்கள், பிரித்தார்கள், கீறல் இருந்தது. மறுபடி வைத்தார்கள். கம்பெனிக்குள்ளேயே பணம் வீணாகிறது என்று முணுமுணுப்பு.

காரணம் கடைசியில் பிடிபட்டது. சீல் உறையில் உரசிக்கொண்டு போகும்போது தனக்கே உரிய ஒரு வேகத்தில் அதிர்கிறது. அந்த அதிர்வு சுவரின் மீது தட்டித் தட்டிக் கோடு போடுகிறது. சீலின் முனைக்குப் பக்கத்தில் குறுக்கும் நெடுக்குமாகத் துளையிட்டு, அதிரும் வேகத்தை மாற்றியபோது கீறல் நின்றது. பிறகு கார்பனில் அலுமினியத்தை ஊறவைத்துச் செய்த சீல், விற்பனைக்கான எஞ்சினில் உட்கார்ந்தது. ஒரு தகட்டின் அதிர்வைக் கேட்டுப் புரிந்துகொள்ள ஆண்டுக்கணக்கான ராத்திரிகள் தேவைப்பட்டன.

ஒரு சிறுமி வெட்டுப்பட்ட எஞ்சினுக்கு முன்னால் விரலால் காற்றில் முக்கோணம் போட்டுச் சுற்றிக்கொண்டிருக்கிறாள். அவள் தோழி சரியில்லை என்று தலையாட்டி, தானும் சுற்றிக் காட்டுகிறாள். இரண்டு பேருடைய முக்கோணமும் வேறு வேறு வழியில் சுற்றுகிறது. முக்கோணம் தன் மையத்திலேயே நின்று சுற்றுவதில்லை. மையமும் ஒரு சிறு வட்டம் போடுகிறது. அதைக் கண்டுபிடித்தவள் தோழிதான். மற்றவள் ஒப்புக்கொண்டு சிரிக்கிறாள்.

1967 மே மாதம் காஸ்மோ ஸ்போர்ட் விற்பனைக்கு வந்தது. உலகில் இரண்டு ரோட்டர், அதாவது இரண்டு சுழல் முக்கோணம், கொண்ட எஞ்சினோடு விற்பனைக்கு வந்த முதல் கார். இரண்டு ரோட்டர்களும் சேர்த்து ஒரு லிட்டருக்கும் குறைவு, 982 சி.சி. சக்தி 110 குதிரை. தரையோடு தரையாகத் தாழ்ந்த வெள்ளை உடல், பின்பக்கம் நீண்டு, விண்கலம் பார்த்த காலத்தின் கோடுகள். 1972 வரை ஏறத்தாழ 1,200 கார்கள்தான் செய்தார்கள், அதுவும் பெரும்பாலும் கையால். விற்பனைக்கு வந்த அடுத்த வருடமே ஜெர்மனியின் நூர்புர்க்ரிங்கில் 84 மணி நேரப் போட்டிக்கு இரண்டு காஸ்மோக்களை அனுப்பினார்கள். ஒன்று 82-ஆம் மணியில் விழுந்துவிட்டது. மற்றது நாலாவதாக வந்து முடித்தது. நாலாம் இடத்துக்கு இவ்வளவு மகிழ்ச்சி அடைந்தவர்கள் இருப்பார்களா என்று அந்தப் போட்டியின் படத்தைப் பார்க்கும்போது தோன்றுகிறது. கீறல் விழுந்த எஞ்சின் மூன்றரை நாள் நிற்காமல் ஓடியிருக்கிறதே.

பிறகு பல கார்களிலும் ரோட்டரி என்று போனார்கள். 1973-இல் எண்ணெய் நெருக்கடி வந்தது. இந்த எஞ்சின் பெட்ரோல் அதிகம் குடிக்கும். அதில் மறைக்க ஒன்றுமில்லை. அமெரிக்காவில் விற்பனை நொறுங்கியது, வங்கி உள்ளே வந்தது, மட்சுடா குடும்பம் நிர்வாகத்திலிருந்து விலகியது. தொழிற்சாலைத் தொழிலாளர்கள் ஆயிரக்கணக்கானோர் வேலை இழக்காமலிருக்கக் கார் விற்கும் கடைகளுக்கு அனுப்பப்பட்டார்கள். ஸ்பானர் பிடித்த கை, வீடு வீடாகக் கதவைத் தட்டியது. அருங்காட்சியகத்தில் இதற்குப் பெரிய இடமில்லை. எனக்கு இந்தப் பகுதி மிகவும் முக்கியமாகப் படுகிறது. தாம் பூட்டிய காரைத் தாமே கொண்டுபோய் விற்றவர்கள், வாங்குகிறவர் முகத்தில் என்ன பார்த்திருப்பார்கள்? திரும்பி வந்து மறுபடி ஸ்பானர் பிடித்தபோது அந்த முகம் நினைவில் இருந்திருக்காதா?

1979-இல் ஃபோர்டு கால் பங்கு வாங்கியது, பின்னால் மூன்றில் ஒரு பங்கானது, 1996-இல் தலைவர் நாற்காலியில் வெளிநாட்டவர் ஒருவர் உட்கார்ந்தார். 2008-க்குப் பிறகு ஃபோர்டு மெல்ல விலகிக்கொண்டது. இந்த வரவுசெலவெல்லாம் புத்தகங்களில் விரிவாகக் கிடைக்கும்.

அடுத்த கூடத்தில் நுழைந்ததும் எல்லோருடைய நடையும் நிற்கிறது. ஆரஞ்சும் பச்சையும் கட்டம் கட்டமாக அடித்த ஒரு பந்தயக் கார். 787பி. எண் 55. 1991 ஜூனில் பிரான்சின் லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தை வென்றது. அதற்கு முன்னால் எந்த ஜப்பானியக் காரும் அதை வென்றதில்லை. பிஸ்டன் இல்லாத எஞ்சினும் வென்றதில்லை. நான்கு ரோட்டர், 700 குதிரை. ஓட்டியவர்கள் மூன்று பேர்: ஃபோல்கர் வைட்லர், ஜானி ஹெர்பர்ட், பெர்ட்ரண்ட் கஷோ. முன்னால் ஓடிய மெர்சிடிஸ் கார்கள் கடைசி மணிகளில் ஒவ்வொன்றாகத் தளர்ந்தன. இது ஒரே தாளத்தில் ஓடிக்கொண்டிருந்தது. கடைசிச் சுற்றுகளில் ஹெர்பர்ட் இறங்காமல் தொடர்ந்து ஓட்டினார். கார் ஓடியது மொத்தம் 362 சுற்றுகள். முடித்துவிட்டு இறங்கியபோது உடலில் நீர் வற்றி மயங்கினார். பரிசு மேடையில் அவரால் ஏறி நிற்க முடியவில்லை.

பெரிய குண்டான டயரும் தாழ்ந்த மூக்குமாக நிற்கும் அந்தக் காரைச் சுற்றிப் பெரியவர்களும் பிள்ளைகளாகிறார்கள். சிவப்புத் தொப்பிக்காரர் இப்போது நேராக நிமிர்ந்து நிற்கிறார். பக்கத்தில் நாற்பது வயதிருக்கும் ஒருவர், அவர் மகனாக இருக்கலாம், காதுப் பக்கம் கையை வைத்து ஏதோ சொல்கிறார். அந்த எஞ்சினின் ஓசையைத்தான் சொல்கிறார் போலும். கேட்டவர்களுக்குத் தெரியும்: பிஸ்டன் எஞ்சின்கள் உறுமும், இது ஊளையிடும். மேலே மேலே போய், இனிமேல் போகாது என்று நாம் நினைக்கும் இடத்தையும் தாண்டிப் போகும். அடுத்த வருடம் விதி மாறியதால் இந்த எஞ்சின் லெ மானில் ஓட வாய்ப்பில்லாமல் போனது. வென்ற எஞ்சினைப் பின்னர் பிரித்துப் பார்த்தபோது உட்பாகங்கள் நல்ல நிலையில் இருந்தன.

இங்கிருந்து ஒரு கதவு. அதற்கு அப்பால் உயரமான நடைபாதை. கீழே அசெம்பிளி லைன். படம் எடுக்கக் கூடாது என்று சொல்லிவிடுகிறார்கள். கண்ணால் எடுத்துக்கொள்ளலாம்.

ஒரே வரிசையில் வேறு வேறு கார்கள் நகர்ந்து வருகின்றன. ஓர் உயரமான குடும்பக் கார், அடுத்து இரண்டு பேர் உட்காரும் சின்ன ரோட்ஸ்டர், மறுபடி உயரமானது. ஒன்றுக்கு ஸ்டியரிங் வலப்பக்கம், அடுத்ததற்கு இடப்பக்கம். வெவ்வேறு நாடுகளுக்குப் போகிறவை. பெரிய கம்பெனிகளைப் போல ஒவ்வொரு வகைக்கும் தனித்தனி வரிசை போட இவர்களிடம் அளவு கிடையாது. அதனால் எல்லாவற்றையும் ஒன்றாகக் கலந்து ஓடவிடும் வழியைப் பழகிக்கொண்டார்கள். குறை என்று தோன்றக்கூடியது இவர்களுடைய திறமையாகிவிட்டது.

கீழே ஒரு பெண். இருபத்தைந்து வயதிருக்கும். கையுறை, சாம்பல் நிறச் சட்டை. கதவின் உட்புறத்தில் கம்பிக்கற்றையைப் பொருத்துகிறாள். இடது கையால் கற்றையைப் பிடித்து, வலது கைக் கட்டைவிரலால் ஒவ்வோர் இணைப்பையும் அழுத்துகிறாள். அழுத்தியதும் சற்றே இழுத்துப் பார்க்கிறாள், உட்கார்ந்ததா என்று. நான்கு இணைப்பு, நான்கு முறை இழுப்பு. கார் நகர்ந்துகொண்டே இருக்கிறது, அவளும் கூடவே பக்கவாட்டில் நடக்கிறாள். முடிந்ததும் அடுத்த காருக்குத் திரும்பி ஓடவில்லை, நடந்துதான் போகிறாள். ஒரு காரில் மூன்றாவது இணைப்பை இழுத்தபோது கையில் ஏதோ தெரிந்திருக்க வேண்டும். கழற்றிப் பார்த்து, ஊதி, மறுபடி அழுத்தினாள். மேலேயிருந்து பார்த்த எனக்கு எந்த வித்தியாசமும் தெரியவில்லை. அவள் விரலுக்குத் தெரிந்திருக்கிறது.

ரோட்ஸ்டர் ஒன்று வருகிறது. சிவப்பு. இந்தக் கம்பெனியின் சிவப்பை வர்ணிப்பது கடினம். விளக்கு படும் மேட்டில் தீயாகவும், வளைந்து இறங்கும் பள்ளத்தில் ஏறக்குறைய கறுப்பாகவும் நிற்கிறது. தேர்ந்த கைத்தொழிலாளிகள் பெயின்ட் அடிக்கும்போது கை எப்படிப் போகிறது என்று பார்த்து, அந்த அசைவை ரோபோக்களுக்குக் கற்றுக்கொடுத்திருக்கிறார்கள். கார் நகர நகர அந்த நிழல் உடலின் மேல் வழிந்து ஓடுகிறது. நின்ற இடத்திலேயே ஓடுவதாகத் தோன்றும்படி தகட்டை வளைத்தவர்கள், முதலில் களிமண்ணில் அந்த வளைவைக் கையால் சீவிச் சீவி எடுத்தவர்கள்.

ரோட்ஸ்டரின் கதை 1979-இல் தொடங்குகிறது. பாப் ஹால் என்ற அமெரிக்கப் பத்திரிகையாளர் யமமோட்டோவிடம், எளிமையான, இலேசான, கூரை திறக்கும் பழைய ஆங்கிலேயக் கார்களை இப்போது யாரும் செய்வதில்லை, நீங்கள் செய்யுங்கள் என்றார். ரோட்டரியின் அதே யமமோட்டோ. அவர் மறக்கவில்லை. ஹால் பின்னர் இந்தக் கம்பெனியிலேயே சேர்ந்தார். தோஷிஹிகோ ஹிராய் தலைமையில் ஒரு சிறு குழு உழைத்து, 1989-இல் சிகாகோவில் அந்தக் கார் வெளிவந்தது. எஞ்சின் முன்னால், இழுப்பது பின்சக்கரம், எடை ஆயிரம் கிலோவுக்கும் கீழே. குதிரையும் ஏறியவனும் ஓருடலாக வேண்டும் என்பது குழுவின் இலக்கு. கியர் லீவர் எத்தனை சென்டிமீட்டர் நகர வேண்டும், எந்த இடத்தில் கையில் தட்டுப்பட வேண்டும், புகைக்குழாய் எந்த ஓசை தர வேண்டும் என்றெல்லாம் உட்கார்ந்து தீர்மானித்தார்கள்.

அந்த நேரத்தில் உலகமே பெரிதாக, வேகமாக, கனமாகப் போய்க்கொண்டிருந்தது. சக்தியைக் கூட்டுவது சுலபம், எடையைக் குறைப்பது கடினம். இவர்கள் கடினமானதை எடுத்தார்கள். 2016 ஏப்ரலில் பத்து லட்சமாவது ரோட்ஸ்டர் இந்த வரிசையில் இருந்து இறங்கியது. இரண்டு பேர் உட்காரும் திறந்த ஸ்போர்ட்ஸ் கார்களில் உலகிலேயே அதிகம் விற்றது என்று கின்னஸ் புத்தகம் இதைத்தான் எழுதி வைத்திருக்கிறது. முப்பது வயதை நெருங்கிய முதல் தலைமுறைக் கார்களைத் திரும்பப் புதுப்பித்துத் தரும் பணியையும் கம்பெனியே தொடங்கியது. விற்ற காரின் கதவுரப்பரையும் கூரைத் துணியையும், அதே தடம் பதித்த டயரையும் மறுபடி செய்யவைத்தார்கள். பழைய காரை வீசிவிட்டுப் புதிதாய் வாங்குங்கள் என்று சொல்வதில்தான் எந்தக் கார் கம்பெனிக்கும் லாபம். இவர்கள் டயர் வார்ப்பைத் தேடிப் போனது அந்தக் காரை வைத்திருப்பவர்கள் மேல் வைத்த மரியாதை.

இந்தக் காரை ஓட்டுகிறவர்களை ஊருக்குள் கவனித்திருக்கிறேன். எதிரே இன்னொரு ரோட்ஸ்டர் வந்தால் கையை உயர்த்துகிறார்கள். வயதான தம்பதியர், வேலைக்குப் போகும் பெண், கூரையைக் குளிரிலும் திறந்து வைத்துக்கொண்டு கம்பளிக் கழுத்துப்பட்டை சுற்றிய ஆள். அவசரமாகப் போகிறவர்கள் போலத் தெரிவதில்லை. வளைவு வந்தால் மட்டும் முகம் மாறுகிறது.

பஸ் திரும்ப வரும்போது பிள்ளைகள் களைத்துவிட்டார்கள். கைப்பிடி வரைந்த சிறுவன் அட்டையில் இன்னும் ஏதோ எழுதுகிறான். சிவப்புத் தொப்பிப் பெரியவருக்கு மகன் ஏதோ படத்தைக் கைபேசியில் காட்டுகிறார். அதில் இருப்பது 2023-இல் டோக்கியோ கண்காட்சியில் வைத்த ஐகானிக் எஸ்.பி. என்ற மாதிரி கார். அதுவும் சிவப்பு. அதற்குள் இரண்டு ரோட்டர் எஞ்சின், மின்மோட்டாருக்கு மின்சாரம் தயாரிக்கும் வேலைக்கு.

ரோட்டரியால் சக்கரம் சுழன்ற கடைசிக் கார் ஆர்.எக்ஸ்-8 2012-இல் நின்றது. நின்ற பிறகும் பழைய கார்களுக்கு மாற்று எஞ்சின் செய்வதை ஹிரோஷிமா நிறுத்தவில்லை. ஒருவர் கற்றதை அடுத்தவருக்குக் காட்டிக்கொடுக்க அந்தச் சிறு வேலை போதுமானதாக இருந்தது. 2023-இல் எம்.எக்ஸ்-30 காரில் ஒற்றை ரோட்டர் திரும்ப வந்தது, சக்கரத்தைச் சுழற்றாமல் மின்சாரம் எடுக்கும் எஞ்சினாக. 2024 பிப்ரவரியில், கலைத்துவிட்டிருந்த ரோட்டரி ஆராய்ச்சிக் குழுவை மறுபடி அமைத்தார்கள். 36 பேர். இப்போது அவர்கள் முன்னால் இருப்பது புகையளவு விதிகள், எரிபொருள் கணக்கு, மின்கலத்தோடு இணைந்து ஓடும் முறை. முனைச் சீலின் வேலையும் அந்தப் பட்டியலில் இருக்கிறது.